ஸ்கேல் நீளக் கயிறு: பார்வைக் குறைபாடுள்ள பெண்ணும் கைடும் 100, 200 மீட்டர் ஓடத் தயாராவது எப்படி

பள்ளிக்கூடத்தில் கோடு போடும் பெரிய ஸ்கேல் 30 சென்டிமீட்டர். பார்வையில்லாத பெண்ணும் அவரோடு ஓடும் கைடும் பிடித்திருக்கும் கயிறும் அவ்வளவுதான், அதற்கு மேல் போகக்கூடாது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கியூபாவின் ஒமாரா துராந்த் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டரை 11.40 வினாடியில் ஓடினார். பக்கத்தில் ஓடியவர் யுனியோல் கிந்தெலான். அந்த ஓட்டத்தின் வீடியோவைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: கயிறு எங்கேயும் விறைப்பதே இல்லை, கடைசி வரை தொய்வாகவே ஆடிக்கொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். கன்றுக்குட்டியை இழுத்துப் போகிற கயிறு போல இதை நினைக்கிறார்கள். இது இழுப்பதற்கான கயிறு அல்ல. பக்கத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார், எந்தத் தாளத்தில் ஓடுகிறார் என்று கையால் கேட்டுக்கொள்வதற்கான கயிறு. கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிப் பழகுவது என்பதுதான்.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா ஓட்டப் பந்தயங்களில் வாங்கிய பதக்கங்கள் நான்கு. நான்கையும் வாங்கியவர்கள் பெண்கள். பிரீத்தி பால் டி35 வகுப்பில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம், தீப்தி ஜீவாஞ்சி டி20 வகுப்பில் 400 மீட்டர் வெண்கலம், சிம்ரன் சர்மா டி12 வகுப்பில் 200 மீட்டர் வெண்கலம். பிரீத்தியுடையது மூளை முடக்குவாதம் போன்ற ஒருங்கிணைப்புக் குறைபாட்டுக்கான வகுப்பு, தீப்தியுடையது அறிவுசார் குறைபாட்டுக்கானது. அவர்களுக்கான பயிற்சி வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே சிம்ரன் ஓடும் பாதை மட்டும்.

1. எந்த வகுப்பு என்று முதலில் தெரியட்டும்

ட்ராக் போட்டி என்பதைத்தான் டி குறிக்கிறது. பார்வைக் குறைபாட்டுக்கு 11, 12, 13 என்று மூன்று வகுப்புகள். கண்ணாடி போட்டுச் சரிசெய்த பிறகும் மீதமிருக்கும் குறைபாட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

டி11 கிட்டத்தட்ட முழுப் பார்வையின்மை. வெளிச்சம் தெரியாதவர்களும், லாக்மார் அளவில் (பார்வைக் கூர்மையை அளக்கும் முறை, எண் கூடக்கூடப் பார்வை மோசம்) 2.60ஐவிட மோசமான பார்வை உள்ளவர்களும் இதில் வருவார்கள். டி12க்கு லாக்மார் 1.50 முதல் 2.60 வரை, அல்லது பார்வைப் புலம் 10 டிகிரி விட்டத்துக்கும் குறைவு. குழாய் வழியே பார்ப்பது போல என்று சிலர் சொல்வது இந்தப் புலக் குறைவைத்தான். டி13க்கு லாக்மார் 1.00 முதல் 1.40 வரை, அல்லது புலம் 40 டிகிரிக்குக் குறைவு. லாக்மார் 1.00 என்றால் கண் மருத்துவர் சீட்டில் எழுதும் 6/60. அதாவது மற்றவர்கள் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும்.

கைடு விஷயத்தில் மூன்றும் வேறுவேறு. டி11இல் கைடு கட்டாயம். வெளிச்சமே உள்ளே வராத கண்மறைப்பும் கட்டாயம். கொஞ்சநஞ்சம் வெளிச்சம் தெரிகிறவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதற்காக அது. டி12இல் கைடு வேண்டுமா வேண்டாமா என்பது ஓடுகிறவரின் விருப்பம். டி13இல் கைடு கிடையாது.

வகுப்பு கல்வெட்டு அல்ல, மாறலாம். சிம்ரன் டோக்கியோ பாராலிம்பிக்கில் டி13இல் தனியாக 100 மீட்டர் ஓடினார், 12.69 வினாடி. பிறகு டி12க்கு வந்து, அபய் சிங் என்ற கைடோடு பாரிஸில் 200 மீட்டரை 24.75இல் முடித்துப் பதக்கம் வாங்கினார். ஆகவே பார்வை மாறியிருக்கிறது என்று தோன்றினால் பழைய சான்றிதழையே பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். மறுபரிசோதனை கேளுங்கள்.

காகித வேலை: யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை), ஆதார், வயதுச் சான்று, கண் மருத்துவரின் சமீபத்திய அறிக்கை. புலக் குறைபாடு என்றால் பீல்டு டெஸ்ட் தாளும் வேண்டும். யுடிஐடியில் எழுதியிருக்கும் சதவீதத்துக்கும் விளையாட்டு வகுப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. "நூறு சதவீதம் போட்டிருக்கே, டி11 தானே?" என்று பெற்றோர்கள் கேட்பார்கள். அப்படி இல்லை, விளையாட்டுக்கான வகைப்பாட்டாளர்கள் தனியாகப் பரிசோதித்துத்தான் முடிவு செய்வார்கள். மாநிலப் பாரா தடகளச் சங்கம் வழியாகப் பதிவு, அங்கிருந்து இந்திய பாராலிம்பிக் கமிட்டி நடத்தும் தேசியப் போட்டி, அதற்கப்புறம்தான் சர்வதேச உரிமமும் சர்வதேச வகைப்பாடும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதல் போட்டி அனுபவத்துக்கு முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவைப் பார்க்கலாம்.

2. கைடைத் தேடுவது

கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்று விளையாட்டாகச் சொல்வோம். பாதி உண்மை.

வேகத்தை முதலில் பாருங்கள். கைடின் தனி 100 மீட்டர் நேரம் வீராங்கனையின் நேரத்தைவிட ஒரு வினாடியாவது குறைவாக இருக்க வேண்டும். அவர் 13.0 ஓடினால் கைடு 12.0க்குள் ஓடுகிறவராக இருக்கட்டும். கைடு தன் முழு மூச்சைப் போட்டு ஓடினால் பேச முடியாது, பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க முடியாது, தாளத்தை மாற்ற முடியாது. முன்னணிப் பெண்களுக்குக் கைடாகப் பெரும்பாலும் ஆண்கள் ஓடுவது இதனால்தான். பிரேசிலின் ஜெரூசா ஜெபர் நாற்பதைக் கடந்த வயதில் பாரிஸில் டி11 100 மீட்டரை 11.80க்கு ஓடி உலக சாதனை வைத்தார். அவருக்கு ஈடுகொடுக்க பதினொன்றுக்குக் கீழே சுலபமாக ஓடக்கூடிய ஆள் வேண்டும்.

அடுத்தது உயரம், கால் வீச்சு. ஆறடி ஆளும் ஐந்தடிப் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் ஒருவர் எப்போதும் காலைச் சுருக்கிக்கொண்டே ஓட வேண்டும். அரை அடி வித்தியாசம் சமாளிக்கக்கூடியது.

மூன்றாவது குணம். மாவட்ட அளவில் ஜெயித்து, மாநில அளவில் தேறாமல் போன கல்லூரி ஓட்டக்காரர்கள் நல்ல கைடாக வருவார்கள். ஆனால் "நான் ஓடியிருந்தா..." என்ற ஏக்கம் இன்னும் ஆறாதவர் வேண்டாம். அவர் தன்னையறியாமல் இழுப்பார். தினமும் வரக்கூடியவரா என்று பாருங்கள். மாதம் இரண்டு நாள் வரும் மின்னல் வேகக்காரரைவிட வாரம் ஐந்து நாள் வரும் சுமாரான ஆள் மேல். முடிந்தால் இரண்டு பேரைப் பழக்குங்கள். ஒருவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டால் ஒரு சீசனே போய்விடும்.

ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஊக்கமருந்து விதிகள் கைடுக்கும் உண்டு. ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஊசி எதுவும் ஆகாது. அவர் செய்யும் தப்பு இவர் பதக்கத்தைப் பறிக்கும்.

3. கயிறு

கடையில் வாங்க வேண்டிய பொருளே அல்ல. நீளாத, இழுபடாத கயிறாக இருந்தால் போதும். பருத்தி ஷூ லேஸை இரண்டு மடிப்பாக முறுக்கி, இரு முனையிலும் விரல்கள் நுழையும் அளவு வளையம் போட்டாலே வேலை முடிந்தது. எலாஸ்டிக் மட்டும் கூடாது; விதிக்கும் விரோதம், சுண்டிவிட்டுத் தள்ளும். ஈரமானால் கயிற்றின் நீளம் மாறலாம், போட்டிக்கு முன் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

பழகும் காலத்தில் மணிக்கட்டில் கட்டாமல் விரலில் மாட்டுங்கள். விழுந்தால் இருவரும் சேர்ந்து உருள வேண்டியதில்லை. போட்டியில் வேறு கதை. துப்பாக்கி வெடித்ததிலிருந்து வீராங்கனை கோட்டைத் தாண்டும் வரை கயிறு விடுபடக்கூடாது.

4. முதல் மாதம்: ஓடவே வேண்டாம்

நான் முதல்முறை கைடாக நின்றபோது இதைத்தான் கோட்டைவிட்டேன். ஒரு வாரம்கூட நடக்காமல் நேராக அறுபது மீட்டர் ஓடினோம். என் காலடி எனக்கு, அவர் காலடி அவருக்கு. முடித்தபோது அவர் விரல் தோல் கயிற்றில் உரிந்திருந்தது. "அண்ணா, நீங்க ஓடுறீங்க, நான் தொங்குறேன்" என்றார். இன்றுவரை எனக்குக் கிடைத்த கோச்சிங்கிலேயே உருப்படியானது அந்த வாக்கியம்தான்.

முதல் வாரம் நடை. மைதானத்தை நான்கு பக்கமும் நடந்து காட்டுங்கள். ட்ராக்கின் ரப்பரைக் கையால் தொடட்டும், கோடு ஒட்டியிருக்கும் இடத்தில் வரும் மெல்லிய மேட்டைக் காலால் தடவட்டும். 100 மீட்டர் முடிந்ததும் எத்தனை அடி தள்ளி வளைவு தொடங்குகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே, குண்டு எறியும் வட்டம் எங்கே என்று மனத்தில் படம் வரட்டும். நம் ஊர் மைதானங்களில் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டம் எட்டு லேனையும் அடைத்துக்கொண்டு வரும். யாரோ விட்டுப்போன ஹர்டில் நடுவில் நிற்கும். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் அந்த நூறு மீட்டரைக் கைடு ஒருமுறை தனியாக நடந்து பார்த்துவிட வேண்டும். இதில் சலிப்பே கூடாது.

பிறவியிலேயே பார்வையில்லாத பெண் யாரும் ஓடிப் பார்த்திருக்க மாட்டார். கை எப்படி வீச வேண்டும் என்று வாயால் விளக்கினால் பாதிதான் போய்ச் சேரும். சுவரில் கை ஊன்றி முட்டியை உயர்த்தச் சொல்லுங்கள். இன்னொரு பெண் ஓட்டக்காரரை அதே நிலையில் நிற்கவைத்து, அவருடைய முழங்கை மடிப்பையும் இடுப்புச் சாய்வையும் இவர் தொட்டுப் பார்க்கட்டும். அநேகமாக எல்லோருக்கும் இருக்கும் ஒரே குறை: முன்னால் எதிலாவது மோதிவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு பின்னால் சாயும், குதிகால் முதலில் தரையில் படும். "குனி, குனி" என்று கத்தினால் இது போகாது. மைதானம் பாதுகாப்பானது என்று உடம்புக்கு உறைத்தால் தானாகப் போகும்.

அப்புறம் மெதுவோட்டம், 40 மீட்டர், 60 மீட்டர். பாதி வேகத்தைத் தாண்டவே வேண்டாம்.

5. கண்ணாடிப் பிம்பம்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

கைடு வீராங்கனையின் இடப்பக்கம் நிற்கிறார் என்று வையுங்கள். கயிறு அவருடைய இடக்கையையும் கைடின் வலக்கையையும் சேர்க்கிறது. கயிறு 30 சென்டிமீட்டர்தான் என்பதால் அந்த இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும். ஓடும்போது இடக்கை முன்னே வந்தால் வலக்கால் முன்னே வரும். ஆக அவருக்கு வலக்கால் முன்னே வரும் அதே நொடியில் கைடுக்கு இடக்கால் முன்னே வர வேண்டும். இருவருக்கும் வெளிக்கால்கள் ஒன்றாக, உள்கால்கள் ஒன்றாக. பள்ளி விளையாட்டு விழாவில் இருவர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார்களே, மூன்று கால் ஓட்டம், அதே கணக்கு. மற்றவர்கள் பார்த்தால் ஒருவர் கண்ணாடியில் இன்னொருவர் தெரிவது போல இருக்க வேண்டும்.

இதற்குப் பயிற்சி எளிது, நாள்தான் பிடிக்கும். நின்ற இடத்திலேயே கையை மட்டும் வீசுங்கள், கயிறு தொய்வாக இருக்கும் வரை. பிறகு நின்ற இடத்திலேயே ஓட்டம். பிறகு பத்து மீட்டர். வீராங்கனை தன் இயல்பான தாளத்தில் போக, கைடுதான் ஒட்டிக்கொள்ள வேண்டும், மாற்றி அல்ல. கைடு கண்ணை ட்ராக்கில் வைத்துக்கொண்டு, காதால் அவர் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) ஓசையைப் பிடிக்க வேண்டும். நான்கு கால்கள் ஓடினாலும் இரண்டு கால் சத்தம்தான் கேட்க வேண்டும். வெளியே நிற்கும் கோச் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே ஜோடி சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் செல்போனில் ஸ்லோ மோஷனில் முன்பக்கத்திலிருந்து எடுங்கள். ஒரு அடி தப்பியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

6. பிளாக்கிலிருந்து எழுவது

மேலே சொன்ன கணக்கு பிளாக்குக்கும், அதாவது ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றும் இரட்டைப் பலகைக்கும், பொருந்தும். அவருக்கு முன் பலகையில் இடக்கால் என்றால் கைடுக்கு வலக்கால். இதைக் கவனிக்காமல் இருவரும் ஒரே காலை முன்னே வைத்தால் முதல் அடியிலேயே கைகள் எதிரெதிராகப் போகும், கயிறு சுண்டும்.

பிளாக்கின் தூரத்தைக் காலடியால் அளந்து, வீராங்கனையே வைத்துப் பழகட்டும். கோட்டிலிருந்து முன் பலகைக்கு இரண்டு பாதம், பின் பலகைக்கு மூன்று பாதம் என்று தொடங்கி மாற்றிக்கொள்ளலாம். கோட்டுக்குப் பின்னால் விரல் வைக்கும் இடத்தைக் கைடு சொல்லலாம், ஆனால் அது அவருடைய பிளாக், அவருடைய கை.

துப்பாக்கிக்கு முன் கைடு அசைந்தாலும் ஜோடியே வெளியே. ஒரு தவறான தொடக்கம் போதும். எனவே கைடு துப்பாக்கிச் சத்தத்துக்கு எழுவதைவிட, வீராங்கனையின் கை தரையிலிருந்து எழும்போது எழப் பழகுவது நல்லது. கைடுக்கு வேகம் கூடுதல் என்பதால் அந்த நூலிழைத் தாமதத்தை இரண்டு மூன்று அடியில் ஈடுகட்டிவிடுவார். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஆறு தொடக்கம், 20 மீட்டர் வரை. அதற்கு மேல் செய்தால் களைப்பில் தப்பாகப் பதியும்.

7. வார்த்தைகள்

100 மீட்டரில் வினாடிக்கு நான்கு காலடிக்கு மேல் விழும். "கொஞ்சம் வலப்பக்கமா வா" என்று சொல்லி முடிப்பதற்குள் பத்து மீட்டர் போய்விடும். எனவே ஒவ்வொன்றுக்கும் குட்டி வார்த்தை. நாங்கள் வைத்திருப்பவை: முதல் பகுதியில் தலை குனிந்தே இருக்க "தள்ளு", நிமிர "எழு", வலப்பக்கம் நகர "வல", இடப்பக்கம் "இட", தோள் இறுகினால் "லேசு", கடைசி ஐந்து மீட்டருக்கு "சாய்". "இட", "வல" இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதாகச் சிலருக்குப் பிரச்சினை; அவர்கள் "உள்ளே", "வெளியே" என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை, யாரும் நடுவில் மாற்றக்கூடாது, அவ்வளவுதான். "சபாஷ்", "விடாதே", "போ போ" இதெல்லாம் வெளியே நிற்பவர்களுக்கு. கைடு வாயிலிருந்து வந்தால் தகவல் வர வேண்டும்.

8. 200 மீட்டர் வளைவு

டி11, டி12 ஓட்டங்களில் ஒரு ஜோடிக்கு இரண்டு லேன். ஒரு லேன் 1.22 மீட்டர், ஆகவே தாராளமாக இடம் இருக்கிறது. வளைவில் அந்தத் தாராளம்தான் வம்பு. அரைவட்டத்தில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் சுமார் மூன்று மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். கைடு உள்பக்கம் நின்று வீராங்கனை 60, 70 சென்டிமீட்டர் வெளியே ஓடினாலே ஏறக்குறைய இரண்டு மீட்டர் தண்டம். நேரத்தில் கால் வினாடிக்கும் மேல். எனவே வீராங்கனை உள்ளே, கைடு வெளியே என்பது கணக்குப்படி லாபம். ஆனால் அப்போது உள்கோட்டுக்கும் அவர் காலுக்கும் நடுவே யாரும் இல்லை. கோட்டைத் தாண்டி மிதித்தால் தகுதி நீக்கம் வரலாம்.

என் கருத்து: முதல் வருடம் கைடு உள்ளே, வளைவுக்குப் பயம் போன பிறகு வெளியே. இருவருமே பக்கம் மாறிப் பழக வேண்டியிருக்கும் என்பதால் நான்காம் மாதத்திலிருந்தே வாரம் ஒருநாள் மறு கையில் கயிறு மாட்டி மெதுவாக ஓடுங்கள். வளைவு தொடங்கும்போதும் முடியும்போதும் சொல் உண்டு. நேர்பாதை வந்துவிட்டது என்று தெரியாமல் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடுவது டி11இல் அடிக்கடி நடக்கிறது.

9. முடிவுக் கோடு

வீராங்கனையின் மார்பு கைடுக்கு முன்னால் கோட்டைத் தாண்ட வேண்டும். கடைசி இரண்டு காலடியில் கைடு அரை அடி பின்வாங்குவார், கயிற்றை விடாமல். இதைத் தனியாகப் பழகுங்கள்: 30 மீட்டர் முன்பிருந்து ஓடிவந்து கோடு மட்டும் தாண்டுவது, ஒரு நாளைக்கு ஐந்து முறை.

இழுத்தாலோ தள்ளினாலோ தகுதி நீக்கம். இதில் நடுவர் கண்ணுக்கும் உண்மைக்கும் நடுவே சில சமயம் இடைவெளி உண்டு. ரியோவில் பிரிட்டனின் லிபி கிளெக் 100 மீட்டர் டி11 அரையிறுதி முடிந்ததும் கைடு உதவினார் என்று நீக்கப்பட்டார். முறையீட்டில் திரும்பச் சேர்க்கப்பட்டு, இறுதியில் தங்கம் வாங்கினார். முறையீட்டுக்கு அவகாசம் கொஞ்ச நேரம்தான், ஆகவே கோச் எப்போதும் வீடியோ எடுக்க வேண்டும்.

விழுந்தால்? 2012 லண்டனில் 400 மீட்டர் இறுதியில் பிரேசிலின் தெரெசின்யா கில்யெர்மினாவின் கைடு தடுமாறி விழுந்தார். அவர் தொடர்ந்து ஓட முடியாது என்று ஆனதும் தெரெசின்யாவும் ட்ராக்கிலேயே படுத்துவிட்டார். அதே லண்டனில் அதே ஜோடி 100 மீட்டர் தங்கம் வாங்கியது. விழுந்த கைடைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

10. யாரும் எழுதாத சில

வீராங்கனை பெண், கைடு ஆண் என்றால் எங்கே தொடலாம், எப்போது, என்ன சொல்லிவிட்டு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முழங்கை, தோள் சரி. இடுப்பை, காலைத் திருத்துவது பெண் பயிற்சியாளரோ தோழியோ செய்யட்டும். பயிற்சி திறந்த மைதானத்தில், மூன்றாவது ஆள் இருக்கும்போது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் துணை ஒருவர் கட்டாயம், ஏனென்றால் உடை மாற்றும் அறைக்குள் கைடு வர முடியாது. இதையெல்லாம் பெற்றோரிடம் நாமே முதலில் சொன்னால் "பொண்ண எப்படிங்க அனுப்புறது" என்ற பேச்சு பாதி குறையும்.

மாதவிடாய் நாளைக் கைடிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் "இன்னைக்கு லேசு" என்ற சொல் போதும், காரணம் கேட்க வேண்டாம். வருடம் இருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள். வேகம் ஏறவில்லை என்று பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போன இடத்தில் ரத்தசோகை இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

11. போட்டி நாள்

இரண்டு லேன் என்பதால் எட்டு லேன் மைதானத்தில் ஒரு ஓட்டத்துக்கு நான்கு பேர்தான். இறுதியிலும் நால்வர். பதக்கம் மூன்று. பாரிஸில் 100 மீட்டர் இறுதியில் 12.31 ஓடி வெறுங்கையோடு திரும்பிய அந்த நான்காவது ஆள் சிம்ரன்தான். 200 மீட்டரில்தான் பதக்கம் கிடைத்தது. எட்டுப் பேர் இறுதி என்று நினைத்து ஹீட்ஸில் (முதல் சுற்று ஓட்டங்களில்) மிச்சம் பிடித்து ஓடினால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் சுற்றே முழு ஓட்டம்.

அழைப்பு அறைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். கயிற்றை அளப்பார்கள், டி11 என்றால் கண்மறைப்பைப் பார்ப்பார்கள், கைடின் அடையாள மேலாடையைச் சரிபார்ப்பார்கள். கண்மறைப்பை அதிகாரியிடம் கேட்காமல் ட்ராக்கில் கழற்றவோ நகர்த்தவோ கூடாது. மாற்றுக் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும்.

ஓடுபாதைக்கு வந்ததும் காற்று எந்தப் பக்கம், கூட்டம் எவ்வளவு, பக்கத்து லேன்களில் யார் என்று கைடு சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்ணால் இரண்டு நொடியில் எடுத்துக்கொள்வது அது.

கோட்டைத் தாண்டியதும் முடியவில்லை. வினாடிக்கு ஏழெட்டு மீட்டர் போகிற, முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவரை இன்னும் நிறுத்த வேண்டும். எதிரே வளைவு, போட்டோக்காரர்கள், நாற்காலிகள். கயிறு கையிலேயே இருக்கட்டும். "மெது, மெது, நட, நில்." நின்ற பிறகு கயிற்றைக் கழற்றுங்கள். அவருக்கு மின்பலகை தெரியாது. கூட்டத்தின் சத்தம் யாருக்கு என்றும் தெரியாது. மூச்சு வாங்கினாலும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு நேரத்தை. முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்து நடுவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றால் "இன்னும் வரல" என்று சொல்லி, வரும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.